முந்திரியும் முப்பத்தைந்தும்

ஓட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை முதலில் பாடம் கேட்டது வீரப்பெருமாள் அண்ணாவியிடம். அண்ணாவி என்றால் இந்தப் பக்கத்தில் திண்ணைப் பள்ளி வாத்தியார். அந்தக் காலத் திண்ணைக் கணக்கு ஒன்று, இரண்டு என்று மேலே ஏறிய அளவுக்கு ஒன்றுக்குக் கீழேயும் இறங்கியது. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, அரைமா, காணி, அரைக்காணி என்று வந்து 320இல் ஒரு பங்கான முந்திரியில் நிற்கும். விடாதவர்கள் அதற்கும் கீழே கீழ்முந்திரிக்குப் போவார்கள்.

இன்று அதே ஊரில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வுக்குப் போகிற பிள்ளையின் காதில் வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் விழும் எண் 35. நூற்றுக்கு 35 வாங்கினால் தேர்ச்சி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஏறக்குறைய 150 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் கணக்கு வாத்தியார்கள் எதிர்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஒருவன் சொல்லி முடிக்கும் முன்பே பிடித்துக்கொள்கிறான், இன்னொருவனுக்கு நாலு தடவை சொன்னாலும் ஏறவில்லை, இருவரையும் ஒரே இடத்தில் வைத்து எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

திண்ணையில் இந்தக் கேள்வி எழவே இல்லை என்று சொல்லலாம். அங்கே வகுப்பு என்று ஒன்று கிடையாது. சின்னப் பையன் மணலில் விரலால் எண் எழுதிக்கொண்டிருப்பான். அவனை அடுத்து உட்கார்ந்திருப்பவன் பொன்னிலக்கம் முடித்து, முகத்தல் அளவுகள் வரும் நெல்லிலக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். பெரியவன் ஒருவன் எண்சுவடி தாண்டி, நிலத்தின் நீள அகலத்தைப் பெருக்கிக் குழி காணும் குழிமாற்றுக்குப் போயிருப்பான். ஒரு சுவடி மனப்பாடமானால்தான் அடுத்த சுவடி. ஒருவனுக்குச் சில மாதம் ஆகும், ஒருவனுக்கு ஓராண்டும் ஆகும். பிந்தியவனைத் தோற்றவன் என்று சொல்ல அங்கே பொதுத்தேர்வும் இல்லை, அதற்கொரு தேதியும் இல்லை. முந்தியவன் சட்டாம்பிள்ளையாகிப் பிந்தியவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். பிரம்படியும் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் தாராளமாக உண்டு. அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

மாணவனை வைத்தே மாணவனுக்குக் கற்பிக்கும் இந்த முறை கப்பலேறி இங்கிலாந்துக்கும் போனது. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் விடுதியில் புகுத்தினார். தேர்ந்த சிறுவர்களைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லவைத்தார். ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி அவர் எழுதி வெளியிட்ட பிறகு அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் விழுந்தது. இங்கிலாந்து அதை வைத்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், இங்கே மணியடித்து வகுப்பு மாற்றும் ஆங்கிலப் பள்ளி வந்து திண்ணையை மெல்ல மெல்லக் காலி செய்தது.

அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளைகள் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படியேறவே முடியாது. கரிசலில் கூலிக்குக் களை பறித்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பக்கமே வரவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு தமிழ்நாட்டுத் திண்ணைக் கணக்கை ஆராய்ந்து 2022இல் ஒரு நூல் வெளியிட்டார். அளப்பவன், கணக்கெழுதுபவன், கூலி வாங்குபவன் என்ற சமூகப் படிநிலையோடு அந்தக் கணக்கு பிணைந்திருந்ததை அது காட்டுகிறது. ஆக, பல திறன் கொண்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று நாம் சொல்லும் திண்ணை, ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய பிறகு மிச்சமிருந்த சிலரின் திண்ணை.

பக்கத்து ஊரான எட்டயபுரத்தில் இன்னொரு கதை. பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் கணக்கிலும் இயந்திரத்திலும் மோகம் கொண்டவர். பருத்தி விளையும் சீமையில் பஞ்சாலை நிறுவிப் பார்த்தவர். மகனும் அந்த வழியில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ கணக்கு ஒட்டவில்லை. ஆங்கிலப் பள்ளிக் கணக்குப் படிப்பின் மேல் தனக்கிருந்த கசப்பைப் பிற்காலத்தில் தன் சுயசரிதைப் பாட்டில் பதிவும் செய்தார். கணக்கில் பின்தங்கிய பிள்ளை என்று சொன்னால் கரிசல்காரர்கள் நினைவுக்கு முதலில் வரவேண்டியவர் அவர்தான்.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் கொஞ்சம் கணக்கு தெரிந்திருந்தது, சந்தை கற்றுக்கொடுத்ததால். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. எனவே அணா என்பது ரூபாயில் மாகாணி. இரண்டணா என்பது அரைக்கால் ரூபாய். நாலணா கால் ரூபாய். படியைப் பாதியாக்கினால் உரி, அதைப் பாதியாக்கினால் உழக்கு, மறுபடி பாதியாக்கினால் ஆழாக்கு. பாதி, பாதியின் பாதி என்று பின்னம் கையிலேயே புழங்கியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. வியாபாரத்துக்கு அது பெரிய சௌகரியம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னம் சந்தையை விட்டுப் போய்ப் பாடப்புத்தகத்துக்குள் மட்டும் குடியேறியது அப்போதுதான். இன்று எட்டாம் வகுப்பில் அரைக்கும் காலுக்கும் நடுவில் ஓர் எண் சொல் என்றால் பல பிள்ளைகள் திகைக்கிறார்கள். புதியம்புத்தூர்ப் பக்கம் ஆயத்த ஆடை தைக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும், டேப்பில் ஒன்றே முக்கால் இஞ்சு பார்த்துப் பழகியதால், கொஞ்சம் தப்பிக்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு வந்த உயர்நிலைப் பள்ளி, திறன் வேறுபாட்டை வேறு விதமாகத் தீர்த்தது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் கணக்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. நன்றாகப் போடுகிறவர்கள் காம்போசிட் மேத்ஸ். மற்றவர்கள் ஜெனரல் மேத்ஸ். முன்னதில் இயற்கணிதமும் வடிவியலும் கனமாக இருக்கும். பின்னது வட்டி, லாப நட்டம், பரப்பளவு என்று அன்றாடத்தோடு நிற்கும். எதை எடுப்பது என்று ஒன்பதாம் வகுப்பு வாக்கில் முடிவாகும். பெரும்பாலும் வாத்தியார் சொன்னதுதான் முடிவு. அந்த ஒரு முடிவிலேயே ஒருவன் பின்னாளில் இன்ஜினீயரிங் பக்கம் போக முடியுமா முடியாதா என்பதும் அடங்கிவிடும். பதினான்கு வயதில் போட்ட அந்தக் கோட்டை நாற்பது வயதிலும் நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. அதே சமயம், ஜெனரல் மேத்ஸ் படித்த ஒருவர் வங்கி வட்டியையும் வீட்டு மனையையும் யாரிடமும் கேட்காமல் கணக்குப் போட்டார் என்பதும் உண்மை.

அந்தக் கோட்டுக்கு முன்பே வேறு வடிகட்டிகள் இருந்தன. ஒவ்வொரு வகுப்பிலும் பெயில் ஆக்கினார்கள். எட்டாம் வகுப்பில் இ.எஸ்.எல்.சி. தேர்வு இருந்தது. ‘எஸ்.எஸ்.எல்.சி. பெயில்’ என்பதே ஒரு படிப்புத் தகுதியாகச் சொல்லப்பட்டது. தோற்றவர்கள் டுடோரியலில் சேர்ந்து அக்டோபர் தேர்வு எழுதினார்கள். பெரும்பாலும் கணக்கும் ஆங்கிலமும்தான் பாக்கி. அப்பா வந்து, “சார்வாள், கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க” என்று பையனை ஒப்படைத்துவிட்டுப் போவார். அவர் சொன்னதைச் சில சார்வாள்கள் அப்படியே எடுத்துக்கொண்டதும் உண்டு.

பள்ளிக்கூடத்தின் வடிகட்டியைவிடக் கரிசலின் வடிகட்டி பெரிது. வானம் பார்த்த பூமியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; அதன் பின் களையெடுப்பு; தை, மாசியில் உளுந்தும் பாசியும் பருத்தியும் வீடு வரும். பள்ளியில் ஈவு, மீதி சொல்லிக்கொடுக்கும் மாதங்களும் பிள்ளை காட்டில் நிற்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்தன. மற்றப் பாடம் பத்து நாள் விட்டுப்போனால் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கில் விட்டுப்போன பத்து நாள் அதற்குப் பிறகு வரும் எல்லா நாளையும் சேர்த்துக் கெடுக்கும். 1980களில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிச் சீமையில் தீப்பெட்டி ஆலைப் பேருந்துகள் விடியும் முன்பே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப் போயின. கட்டை அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் எண்ணிக்கைக் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். 12ஐ 12ஆல் பெருக்கினால் வருவது அது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் ஆலையை விட்டு வர அதற்குப் பிறகும் நாளாயிற்று.

இப்படி ஒவ்வொரு படியிலும் உதிர்ந்துபோக, பதினோராம் வகுப்பில் மிஞ்சியவர்களுக்குத்தான் அந்தக் காலக் கணக்கு வாத்தியார் பாடம் நடத்தினார். அவர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. கரும்பலகையில் கையாலேயே வட்டம் போடுவார். லாக் டேபிளைப் பார்க்காமல் மதிப்புச் சொல்வார். ஆனால் அவர் வகுப்பில் இருந்தது ஊரில் பிறந்த பிள்ளைகளில் ஒரு சிறு பகுதி. “எங்கள் காலத்தில் எல்லாரும் கணக்குப் போட்டோம்” என்று யாராவது சொன்னால், அந்த ‘எல்லாரும்’ எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

1978இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் மேல்நிலைப் படிப்பும் கொண்ட புதிய முறை வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்தது. பிறகு உயர்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. இலவசப் பேருந்து அட்டை, சைக்கிள், சீருடை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் தேக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது என்றது. 2011இல் பத்தாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கல்வி வந்ததும் மெட்ரிக் கணக்கு, அரசுப் பள்ளிக் கணக்கு என்ற வேறுபாடும் மறைந்தது. எட்டாம் வகுப்பு வரை தேக்கம் வேண்டாம் என்பதைத் தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையிலும் உறுதி செய்தது.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. முப்புலிவெட்டியிலிருந்தும் பசுவந்தனைப் பக்கத்திலிருந்தும் காலையில் பேருந்தில் வந்து இறங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பாட்டிமார் காலத்தில் ஏறவிடாத படியில், யாரும் கேட்காமல் ஏறிப் போகிறார்கள். 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம்; தூத்துக்குடி மாவட்டம் 96.76 சதவீதத்தோடு மூன்றாம் இடத்தில் இருந்தது. காட்டுக்கும் ஆலைக்கும் பாதியை அனுப்பிக்கொண்டிருந்த சீமைக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் முன்பு ஊர், வயல், ஆலை, பெயில், ஜெனரல் மேத்ஸ் என்று பல கைகள் சேர்ந்து செய்த பிரிவினை வேலை இன்று நின்றுவிட்டதால், வித்தியாசம் அத்தனையும் ஒரே அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதுகிறார். நாலைந்து பேர் அவர் கோடு போடும் முன்பே விடையை முணுமுணுக்கிறார்கள். பின்னால் சிலர் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் இருக்கிறார்கள். எக்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட அவர்களுக்குக் கூச்சம். நடுவில் உள்ளவர்கள் பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொள்கிறார்கள்.

இது கரிசலுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. இங்கிலாந்தில் கணக்குக் கல்வியை ஆராய்ந்த காக்கிராஃப்ட் தலைமையிலான குழு 1982இல் தந்த அறிக்கை ஓர் எளிய கணக்கைச் சொல்கிறது: 6399க்கு அடுத்த எண்ணை எழுது. சராசரிக் குழந்தை 11 வயதில் இதைச் செய்துவிடுகிறது. ஆனால் 7 வயதிலேயே செய்கிற குழந்தையும் உண்டு, 14 வயதிலும் செய்ய முடியாத குழந்தையும் உண்டு. ஒரே வகுப்புக்குள் ஏழு ஆண்டு இடைவெளி. நம் நாட்டில் 2024ஆம் ஆண்டு ஏசர் ஆய்வின்படி கிராமப்புற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 45.8 சதவீதம். மீதிப் பேரும் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அடுக்குக்குறி விதிகளைப் படிக்கிறார்கள்.

வகுக்கத் தெரியாத பிள்ளை பத்தாம் வகுப்பில் எப்படித் தேறுகிறது என்று கேட்பவர்கள் கணக்கு ஆசிரியரின் சாமர்த்தியத்தை அறியாதவர்கள். வினாத்தாள் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினாவில் 14க்குப் 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாவிலும் 14க்குப் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றது வரைபடம். இந்தப் பதினாறில்தான் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எல்லாச் சிறப்பு வகுப்புகளும் தொடங்குகின்றன. தொடுகோடு வரைதல், வடிவொத்த முக்கோணம் வரைதல், நேர்மாறல், எதிர்மாறல் வரைபடங்கள். கவராயத்தை எங்கே ஊன்றுவது, எத்தனை வில் வெட்டுவது, உதவிப் படம் எங்கே போடுவது என்று கை பழகும் வரை போடவைக்கிறார்கள். அதில் 16, புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒரு 9, கணமும் அணியும் போல வழி மாறாத ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டில் 10. கூட்டிப் பாருங்கள், சரியாக 35.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மாலை ஐந்தரை வரை நின்று, கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறதே என்று தவிக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துத் தேற்றிவிடும் ஆசிரியர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அந்த 35 இல்லையென்றால் ஐ.டி.ஐ.யில் பல தொழிற்பிரிவுகள் இல்லை, பாலிடெக்னிக் இல்லை, ஒரு பெண்ணுக்கு அடுத்த இரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்க்கையே இல்லை. தவறினாலும் சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டு பிளஸ் ஒன் சேரலாம். அக்டோபருக்குக் காத்திருந்து வாழ்க்கையில் ஓராண்டைத் தொலைத்த காலம் போய்விட்டது. ஆனால் கவராயத்தால் அப்பழுக்கில்லாமல் தொடுகோடு வரைந்துவிட்டு, 7.2ஐ 3ஆல் வகுக்கச் சொன்னால் முழிக்கும் பிள்ளையை உருவாக்கியிருப்பதும் இந்த முறைதான்.

மேல்முனையில் நடப்பதும் இதற்குச் சளைத்ததில்லை. 2024இல் பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர். அடுத்த ஆண்டு 1,996 பேர். பாடத்திட்டம் அதேதான். ஒட்டுமொத்தத் தேர்ச்சி மட்டும் 91.55இலிருந்து 93.80க்கு உயர்ந்தது. ஓராண்டில் மாநிலத்துக் கெட்டிக்காரர்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடவில்லை. வினாத்தாளின் கடினமான ஓரம் கொஞ்சம் நகர்ந்தது, அவ்வளவுதான். இந்த எண்களை வைத்துக்கொண்டு யார் கணக்கில் வல்லவர் என்று பேசுவது வீண் பேச்சு.

பள்ளிக்கூட மொழியில் முன்பு மக்கு, கெட்டிக்காரன். இன்று மெல்லக் கற்போர், மீத்திறன் மாணவர். சொல் நாகரிகமாகியிருக்கிறது, நல்லதே. மெல்லக் கற்போருக்குக் கையேடு இருக்கிறது, சிறப்பு வகுப்பு இருக்கிறது. மீத்திறன் மாணவருக்குத் திறனறித் தேர்வு இருக்கிறது, போட்டித் தேர்வுப் பயிற்சி இருக்கிறது. இரண்டிலும் பெயர் இல்லாத நடுப்பிள்ளை ஒன்று இருக்கிறதே, அதுதான் இன்றைய ஏற்பாட்டில் அதிகம் இழந்தது என்பது என் எண்ணம். 55 வாங்குகிற பிள்ளை. தொந்தரவு தராது, தலைமையாசிரியர் வைத்திருக்கும் எந்தப் பட்டியலிலும் வராது. அதை 80க்குக் கொண்டுபோக ஆறு மாதம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உட்கார ஆள் இல்லை. திண்ணையில் இந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான்.

எல்லாத் திறனுக்கும் ஒரே பாடத்தில் இடம் கொடுக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன், நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு எண் விளையாட்டுகளுக்கு ஒரு புத்தகமே எழுதினார். சிவகாசியில் அச்சாகி வரும் மாதக் காலண்டர் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கும். அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றி ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். உதாரணமாக 9, 10, 11. கீழே 16, 17, 18. அதற்கும் கீழே 23, 24, 25. கூட்டல் மட்டும் தெரிந்த பிள்ளை ஒன்பதையும் கூட்டி 153 என்று சொல்லும். அடுத்த பிள்ளை வேறு கட்டங்களும் போட்டுப் பார்த்து, நடுவில் உள்ள எண்ணை 9ஆல் பெருக்கினாலே விடை வந்துவிடுகிறதே என்று கண்டுபிடிக்கும். 17 பெருக்கல் 9 அதே 153. மூலைவிட்டங்களைக் கூட்டும் பிள்ளை இரண்டு பக்கமும் 51 வருவதைக் காணும். முன்வரிசைப் பிள்ளையிடம், எந்த மாதத்திலும் இது ஏன் தவறுவதில்லை என்று நிரூபிக்கச் சொல்லலாம். நடு எண்ணை எக்ஸ் என்று வைத்து, எக்ஸ் கழித்தல் 8 முதல் எக்ஸ் கூட்டல் 8 வரை ஒன்பதையும் எழுதிக் கூட்டினால் கூட்டுவதும் கழிப்பதும் அடித்துக்கொண்டு போக, 9 எக்ஸ் நிற்கும். ஒரே பலகை, ஒரே கட்டம், நாலு படிக்கட்டு. பின்வரிசையில் இருப்பவனும் முன்வரிசையில் இருப்பவனும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிகிறது. இப்படி நடத்தும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜூலையில் நடத்துவார்கள். ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்ததும் அவர்களும் கவராயத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

பிள்ளைகளைப் பிரித்துவைப்பதா, ஒன்றாக வைப்பதா என்பதில் உலகமும் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. பின்லாந்து 1985இல் கணக்கு வகுப்பைத் திறன்வாரியாகப் பிரிப்பதைக் கைவிட்டது. சிங்கப்பூர் பல பத்தாண்டுகள் பிள்ளைகளை எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்து வைத்திருந்துவிட்டு, 2024இல் உயர்நிலைப் பள்ளிக்கு வந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. வகுப்பு ஒன்று, பாடத்தின் கடுமை மட்டும் அவரவருக்கு ஏற்றபடி. நம் சி.பி.எஸ்.இ. எதிர்த்திசையில் போய், 2020 பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணக்கை ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டாக்கியது. காம்போசிட், ஜெனரல் படித்த பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பெயர் சொல்லாத ஒரு பிரிவினையும் நடக்கிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை அதில் சேர்க்கப் பெற்றோர் போட்டி போட, பல பள்ளிகளில் தமிழ் வழிப் பிரிவு மெல்லக் கற்போர் பிரிவாகவே ஆகிவிட்டது. முன்பு ஏ பிரிவு, பி பிரிவு என்று இருந்தது இன்று மொழியின் பெயரில் இருக்கிறது. தாய்மொழியில் கணக்குக் கேட்கும் வாய்ப்பே பின்தங்கியவர்களின் அடையாளமாகிவிடுவது இந்த மாற்றங்களிலெல்லாம் எனக்கு மிகவும் கசப்பானது.

கருவிகளுக்குக் குறைவில்லை. பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு, கல்வித் தொலைக்காட்சி, 2023இல் வந்த மணற்கேணி செயலி, திறன் பலகை. இணையம் இருக்கிற நாளில் கனசதுரம் திரையில் சுழல்கிறது. முன்பு அதற்குச் சோப்பு வெட்ட வேண்டும். ஆசிரியரின் கைப்பேசியில் வருகைப் பதிவு, புள்ளிவிவரம், படிவம் என்று இன்னொரு பள்ளிக்கூடமே நடக்கிறது என்பது வேறு விஷயம். பிள்ளையின் எந்தக் கணக்கு எங்கே சறுக்கியது என்று பார்க்க அவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள், 60 பேர் இருந்த பழைய வகுப்பில் இருந்ததைவிட அதிகமாகிவிடவில்லை.

அண்மைக் காலத்தில் அரசு எடுத்த இரண்டு முயற்சிகள் சரியான இடத்தைத் தொட்டிருக்கின்றன. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. 2025-26இல் வந்த ‘திறன்’ 6 முதல் 9ஆம் வகுப்பு வரை அடிப்படைத் தேர்வு வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் பின்தங்கியவர்களைக் கண்டுபிடித்துத் தனியே நேரம் ஒதுக்குகிறது. ஒரு சுவடி முடிந்தால்தான் அடுத்த சுவடி என்ற அண்ணாவியின் விதி, இந்த முறை எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் உள்ளே வைத்துக்கொண்டு, சுற்றறிக்கையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பள்ளியின் பெயர் நாளிதழில் வருவது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்துத்தான். அதனால் நல்ல கணக்கு ஆசிரியரைப் பத்தாம் வகுப்புக்கே வைத்துக்கொள்ளும் பழக்கம் மாறவில்லை.

அதை மாற்ற அரசாணை வேண்டியதில்லை. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும். பத்தாம் வகுப்புக்கு ஜனவரியில் வைக்கிற அந்தச் சிறப்பு வகுப்பை ஆறாம் வகுப்புக்கு ஜூனில் வையுங்கள். பள்ளியிலேயே சிறந்த கணக்கு ஆசிரியரை அதற்கு அனுப்புங்கள்.